இரண்டு கதவா, நான்கு கதவா? எக்ஸெல் ஷீட்டில் ஒரு கார் விசாரணை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் புரோகிராம் பக்கமே போவதில்லை. அது ஆபீஸ் கணக்கு எழுதுபவர்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இணையம் பார்ப்பது, போட்டோ சேமிப்பது, பிள்ளைகளுக்குக் கேம்ஸ் என்பதோடு கம்ப்யூட்டர் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் ஒரு பெரிய செலவு செய்யப் போகும் நேரத்தில், பெட்டியிலேயே இருக்கும் இந்தப் புரோகிராம் ஒரு நல்ல ஆலோசகரைப் போல உதவும். எப்படி என்பதை, என் சித்தி மகன் கார் வாங்கப் போன கதையை வைத்தே சொல்கிறேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு, ஒரகடத்தில் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவி, நாலாம் வகுப்பு படிக்கும் மகள், முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா, அதாவது என் சித்தி. இதுதான் குடும்பம். மகளின் படிப்புக்கு என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "அண்ணா, தார் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு கதவு வண்டி. வீட்டுல எல்லாரும் வேணாங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். நான் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொன்னேன்.

எது கூபே, எது இரண்டு கதவு?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூபே என்பது பிரெஞ்சுச் சொல். வெட்டப்பட்டது என்று பொருள். பின் பாதியை வெட்டியெடுத்தது போல இருந்த குதிரை வண்டிக்கு வைத்த பெயர், பின்னாளில் கூரை பின்பக்கமாகச் சரியும் இரண்டு கதவுக் கார்களுக்கு வந்தது. இப்போது அந்த இலக்கணமும் தளர்ந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இயங்குகிறது. அந்தக் கம்பெனியின் 2 சீரீஸ் கிரான் கூபே என்ற மாடல், 2020ல் இந்தியாவில் அறிமுகமாகி, புதிய வடிவமைப்போடு 2025 ஜூலையில் மறுபடி வந்தது. பெயரில் கூபே இருந்தாலும் அதற்குக் கதவுகள் நான்கு!

தார் கூபே அல்ல. அதன் கூரை பெட்டி போல நேராக இருக்கும். ஆனால் நடுத்தரக் குடும்பம் எட்டிப் பார்க்கக்கூடிய விலையில், இரண்டே கதவோடு, புதிய வடிவமைப்பில் வரும் வண்டி என்று தேடினால் கிடைக்கும் சிலவற்றில் இதுவும் ஒன்று. கம்பெனிக்காரர்கள் பின்பக்க டிக்கிக் கதவையும் சேர்த்து எண்ணி இதை 3 டோர் என்பார்கள். விளம்பரத்தில் 3 டோர், 5 டோர் என்று பார்த்தால் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதல் தார் 2010ல் வந்தது. இரண்டாவது தலைமுறை 2020 ஆகஸ்ட் 15ல் காட்டப்பட்டு, அக்டோபர் 2ல் விற்பனைக்கு வந்தது. நாசிக்கில் தயாராகிறது. அதன் பின்னால் உள்ள பொறியியல் வேலை நடந்ததோ நம் ஊர்ப் பக்கம். வேர்ல்டு சிட்டிக்குள் உள்ள மகேந்திரா ரிசர்ச் வேலி 2012 முதல் இயங்குகிறது. பரனூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது இறங்கும் கூட்டத்தில் அங்கே வேலை செய்பவர்கள் சிலரும் இருப்பார்கள். 2024 ஆகஸ்டில் நான்கு கதவோடு தார் ராக்ஸ் வந்தது. 2025 அக்டோபரில் பழைய இரண்டு கதவு வண்டியைத் திருத்தி வெளியிட்டார்கள். 10.25 அங்குலத் திரை, பின் சீட்டுக்கு ஏ.சி. காற்று, ரிவர்ஸ் கேமரா ஆகியவை சேர்ந்தன. நடுவில் இருந்த ஜன்னல் சுவிட்சுகள் கதவுக்கு மாறின. "நம்ம நரசிம்மருக்கு நெற்றியில மூணாவது கண்ணு, இதுக்கு முதுகுல" என்று தம்பி சொன்னான். பாடலாத்ரி நரசிம்மர் கோவிலுக்கு வருகிறவர்களுக்கு அர்ச்சகர் திருநாமத்தை விலக்கிக் காட்டும் அந்தக் கண்ணைத்தான் சொல்கிறான். கார் மயக்கம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது பாருங்கள்.

ஒர்க்ஷீட் தயாரிப்பு

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாக இறக்கிப் பதிந்துகொள்ளலாம். அதில் உள்ள கால்க் புரோகிராம், இங்கே சொல்லும் எல்லா வேலையையும் செய்யும். கீழே வரும் பார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில், ஈக்வல் குறியில் தொடங்கி அடித்து, என்டர் தட்டுங்கள்.

நன்மை தீமைப் பட்டியலுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சில விஷயங்களுக்கு மதிப்பெண் போடக்கூடாது. அவற்றுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்தான். வீட்டு வாசலில் வண்டி நிற்குமா என்பது அப்படி ஒரு கேள்வி. தம்பி வீட்டுப் போர்ட்டிகோவின் நீளத்தை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். 420 செ.மீ. வந்தது. இரண்டு கதவு தாரின் நீளம் 398.5 செ.மீ. உள்ளே நிற்கும். ராக்ஸின் நீளம் 442.8 செ.மீ. கேட்டை மூட முடியாது. எல்லோரும் சமாதானமாகப் போகக்கூடிய வண்டி ராக்ஸ் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன். ஒரு டேப் அதை வெளியே தள்ளிவிட்டது. மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று தார். இன்னொன்று, நான்கு மீட்டருக்குள் அடங்கும் நான்கு கதவு கொண்ட ஒரு சிறிய எஸ்.யு.வி. அந்த வகையில் பல மாடல்கள் உள்ளன. எது என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை.

கதவும் சுவரும்

இரண்டு கதவு வண்டியில் ஒவ்வொரு கதவும் நீளமாக இருக்கும். பின்னால் போகிறவரும் அதே வழியாகத்தானே நுழைய வேண்டும்? திறந்த மைதானத்தில் இது தெரியாது. சுவர் ஓரத்தில் நிறுத்தினால் தெரியும். போர்ட்டிகோவின் அகலம் 270 செ.மீ. தாரின் அகலம் 182. மீதி 88. இடது பக்கம் 20 செ.மீ. விட்டு நிறுத்தினால் டிரைவர் பக்கம் 68 செ.மீ. கிடைக்கும். கதவு எத்தனை டிகிரி திறக்கும்?

பள்ளியில் படித்த திரிகோணமிதி இங்கே உதவுகிறது. எடுத்துக்காட்டாக 120 செ.மீ. நீளமான கதவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லில் =டிகிரீஸ்(ஏசைன்(68/120)) என்று தாருங்கள். 34.5 என்று விடை வரும். 95 செ.மீ. நீளமுள்ள சாதாரணக் கதவுக்கு 120 இருந்த இடத்தில் 95 போட்டால் 45.7 டிகிரி கிடைக்கும். நீளமான கதவு திறப்பது குறைவு. ஒல்லியாக இருப்பவர் நழுவி இறங்கிவிடலாம். கையில் டிபன் பாக்ஸும் ஹெல்மெட்டும் வைத்திருப்பவர் கொஞ்சம் நெளிய வேண்டும்.

புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். டிகிரீஸ் என்பதை விட்டுவிட்டு ஏசைன் மட்டும் கொடுத்தால் 0.60 என்று வரும். கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடுகிறது என்று பயப்படாதீர்கள். எக்ஸெல் கோணங்களை ரேடியன் என்ற அளவில்தான் தரும். நாம்தான் டிகிரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சைன், காஸ் ஆகியவற்றுக்குக் கோணத்தைக் கொடுக்கும்போதும் இப்படியே ரேடியனுக்கு மாற்றித் தர வேண்டும்.

இதே மாதிரிக் கணக்கைத்தான் ரிசர்ச் வேலி போன்ற இடங்களில் பெரிய அளவில் செய்கிறார்கள். காரின் உடலை முப்பரிமாணத்தில் வரைந்து, அதை லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மோதினால் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நசுங்கும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். இரண்டு கதவு வண்டியில், கதவுக்குப் பின்னால் நிற்கும் தூண் நான்கு கதவு வண்டியை விடச் சற்றுப் பின்னால் இருக்கும். பக்கவாட்டில் வெட்டப்படும் திறப்புகளும் குறைவு. ஆகவே உடல் முறுக்கிக்கொள்ளாமல் உறுதியாக அமைப்பது எளிது. பின் சீட்டுக் குழந்தை ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. மறுபக்கம், நீளமான கதவு கனமாக இருப்பதால் கீலுக்கு வேலை அதிகம். முன் சீட்டில் இருப்பவர் பெல்ட்டை எடுக்கக் கையைப் பின்னால் அதிகம் நீட்ட வேண்டும். விபத்து நேரத்தில் பின்னால் இருப்பவர் வெளியேற, முன் சீட் மடங்க வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

நம் நாட்டில் இரண்டு கதவின் வரலாறு

இது புதிய சண்டை அல்ல. சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கம்பெனி 1960களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகலோட்டி இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனிக்காக வரைந்த வண்டி அது. இங்கிலாந்தில் அதற்கு இரண்டு கதவுதான். கூபே வடிவமும் உண்டு. சென்னையிலும் இரண்டு கதவோடுதான் தொடங்கினார்கள். ஆனால் நம் ஊர்க் குடும்பங்கள் தாத்தா பாட்டியோடு பயணம் போகிறவை. 1960களின் இறுதியில் சென்னைத் தொழிற்சாலை அதே வண்டிக்கு நான்கு கதவு வைத்தது. அதற்குத் தனி அடிச்சட்டம் இருந்ததால் உடலைக் கொஞ்சம் தாராளமாக மாற்ற முடிந்தது. டிரையம்ப் ஊரில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் கிடைத்தது!

பின்னால் வந்தவர்களும் இதையே பார்த்தார்கள். 1991ல் வந்த டாடா சியரா இரண்டு கதவு. பெரிய கண்ணாடி, அழகான தோற்றம், ஆனால் விற்பனை சுமார். 2025 நவம்பரில் சியரா என்ற பெயர் திரும்பி வந்தபோது நான்கு கதவோடு வந்தது. 2003ல் மாருதி ஜென் காரை இரண்டு கதவோடு கார்பன், ஸ்டீல் என்ற பெயர்களில் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் விற்றார்கள். இவற்றையெல்லாம் சொன்னபோது தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. "ஊர்ல எல்லாரும் வாங்கலைன்னா நானும் வாங்கக் கூடாதா?" வாங்கலாம். அதற்குத்தான் ஷீட்.

மதிப்பெண் போடுதல்

ஏ நெடுவரிசையில் விஷயங்களை எழுதுங்கள். பி நெடுவரிசையில் ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்ற எடை. எல்லா எடையும் சேர்ந்து 100 வர வேண்டும். சி நெடுவரிசையில் முதல் காருக்குப் பத்துக்கு எத்தனை, டி நெடுவரிசையில் இரண்டாவது காருக்கு எத்தனை. தம்பி முதலில் தனியாக உட்கார்ந்து போட்டது இது. எடை, தார், நான்கு கதவு என்ற வரிசையில் தருகிறேன்.

தோற்றம், ஓட்டும் சுகம்: 40, 9, 5
பின் சீட் வசதி: 10, 3, 8
நிறுத்தும் வசதி: 10, 8, 7
பாதுகாப்பு: 20, 7, 7
டிக்கி இடம்: 5, 2, 8
விலை, மாதச் செலவு: 15, 6, 8

இனி =சம்புராடக்ட்(பி2:பி7,சி2:சி7)/100 என்று ஒரு செல்லில் கொடுங்கள். ஒவ்வொரு எடையையும் அதன் மதிப்பெண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, நூறால் வகுத்துத் தரும். தாருக்கு 7.10. அடுத்த செல்லில் சி என்பதற்குப் பதில் டி போட்டால் மற்ற காருக்கு 6.50. தம்பி அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். கீழே ஒரு வெற்றிச் சின்னம் வேறு.

பாதுகாப்புக்கு இரண்டுக்கும் 7 ஏன் என்று கேட்டேன். 2020 நவம்பரில் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் தார் நான்கு ஸ்டார் வாங்கியது. மற்ற காரும் நான்கு ஸ்டார் என்றான். ஒரு எச்சரிக்கை. குளோபல் என்.சி.ஏ.பி. 2022ல் தன் விதிகளைக் கடுமையாக்கியது. 2023 அக்டோபரில் பாரத் என்.சி.ஏ.பி. என்ற நம் நாட்டுச் சோதனை தொடங்கியது. ஆகவே எந்த ஆண்டு, எந்தச் சோதனை என்று பார்க்காமல் ஸ்டாரை மட்டும் எண்ணுவது, பழைய எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கையும் இன்றைய பத்தாம் வகுப்பு மார்க்கையும் ஒப்பிடுவது போலத்தான். ராக்ஸ் வாங்கிய ஐந்து ஸ்டார் 2024ல் நடந்த பாரத் சோதனையில் கிடைத்தது. அதைத் தாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாது.

ஷீட்டின் உண்மையான பயன் இனிமேல்தான். விடை 7.10 என்பதை விட, அந்த விடை எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது முக்கியம். தோற்றத்தின் எடையை 40லிருந்து 33 ஆக்கி, அந்த 7ஐப் பின் சீட்டுக்குக் கொடுத்து 17 ஆக்கச் சொன்னேன். தாருக்கு 6.68, நான்கு கதவுக்கு 6.71. முடிவு கவிழ்ந்துவிட்டது. நூறில் வெறும் ஏழு. காலையில் காபி குடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒருவர் மனதில் அந்த அளவுக்கு மாற்றம் வரும்.

ஒரு மாத டைரி

எடையை மனதிலிருந்து எடுத்தால் இதுதான் கதி. ஆகவே புதிதாக இன்னொரு ஷீட் திறக்கச் சொன்னேன். கீழே ஷீட்1 என்ற டேப் அருகே இருக்கும் பிளஸ் குறியில் கிளிக் செய்தால் போதும். ஒரு மாதம் முழுக்க, கார் இருந்திருந்தால் காரில் போயிருப்போம் என்ற பயணங்களை மட்டும் அதில் எழுத வேண்டும். தேதி, எங்கே, எத்தனை பேர், பின் சீட்டில் யார். எழுதும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். கீ போர்டு பழக இதை விட நல்ல வழி கிடையாது.

மாதக் கடைசியில் 46 பயணங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் 27ல் பின் சீட்டுக்கு வேலையே இல்லை. ஒரகடம் டூட்டி, செங்கல்பட்டு பேங்க், மறைமலை நகர் கடை என்று தம்பி தனியாகவோ மனைவியோடோ போனவை. மீதி 19ல் பின்னால் ஆள் வேண்டும். எண்ணிக் கஷ்டப்பட வேண்டாம், =கவுண்ட்இஃப் என்ற பார்முலாவே எண்ணித் தரும். அந்தப் பத்தொன்பதில் எட்டு, சித்தியை ஆஸ்பத்திரிக்கும் பிசியோதெரபிக்கும் கூட்டிப் போனவை. எல்லாம் ஆட்டோவில்.

தம்பி அந்த எட்டு வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவன் மனைவி பிறகு சொன்னாள். தன் அம்மா மாதத்தில் எட்டு முறை அப்படிப் போகிறாள் என்று அவனுக்கே தெரியவில்லை. ஷிப்ட் வேலை அப்படி. அவள் போய் வந்த நேரமெல்லாம் இவன் தொழிற்சாலையிலோ தூக்கத்திலோ இருந்திருக்கிறான்.

இரண்டாவது முறை எடை போட்டபோது மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தோற்றம் 15, பின் சீட் 30, நிறுத்துதல் 10, பாதுகாப்பு 20, டிக்கி 10, செலவு 15. மதிப்பெண்களை மாற்றவில்லை. தாருக்கு 5.55. நான்கு கதவுக்கு 7.25.

பணத்தின் பக்கம்

விலை வரிசைக்கு மதிப்பெண் போடும் முன் தனிக் கணக்கு தேவை. இங்கே தார் விஷயத்தில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜி.எஸ்.டி. விதிப்படி, நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி. வரை இன்ஜினும் இருந்தால் 18 சதவீதம். தாண்டினால் 40 சதவீதம். தாரில் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் வைத்த வண்டி 18ல் வருகிறது. 2.0 லிட்டர் பெட்ரோலும் 2.2 லிட்டர் டீசலும் 40ல் போகின்றன. வெளித்தோற்றம் ஒன்றுதான், வரி வேறு வேறு. கம்பெனிகள் ஏன் 399 செ.மீ.யில் நிறுத்திக்கொள்கின்றன என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது தமிழ்நாட்டுச் சாலை வரி. 2023 நவம்பரில் வந்த மாற்றத்தின்படி கார் விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 13 சதவீதம், அதைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். இந்தப் படியில் கால் தடுக்கும். 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. 10,01,000 ரூபாய் வண்டிக்கு 1,80,180. விலையில் 2,000 ரூபாய் கூடினால் வரியில் 50,310 ரூபாய் கூடுகிறது. திருத்திய தார் 2025 அக்டோபரில் 9.99 லட்சத்தில் தொடங்கியதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். பி10 செல்லில் விலை இருந்தால் =இஃப்(பி10<=1000000,பி10*13%,பி10*18%) என்று கொடுங்கள். விலையை மாற்ற மாற்ற, எந்தப் படி பொருந்தும் என்று கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நீங்கள் வாங்கப் போகும் நாளில் என்ன விகிதம் என்று ஷோரூமில் கேட்டு அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளவும்.

மாதத் தவணைக்கு =பிஎம்டி(9%/12,60,-1000000). பத்து லட்சம் கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 60 மாதம். கடன் தொகைக்கு முன் மைனஸ் போட மறந்தால் விடை மைனஸில் வரும், வேறொன்றும் ஆகாது. தவணை 20,758 ரூபாய். 60க்குப் பதில் 84 போட்டால் 16,089. தவணை குறைந்ததே என்று சந்தோஷப்படும் முன் மொத்த வட்டியைப் பாருங்கள். ஐந்து ஆண்டில் சுமார் 2,45,500. ஏழு ஆண்டில் சுமார் 3,51,500. ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். தவணையை மட்டும் பேசி, மாதக் கணக்கை நீட்டிக்கொண்டே போகும் விற்பனையாளரிடம் இந்த ஷீட்டை மொபைலில் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஷோரூமில் தெரிந்த ஒன்று

ஷீட்டில் தெரியாத விஷயமும் உண்டு. எல்லோரும் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றேன். சித்தியையும் கூட்டிப் போனான். நானும் போனேன்.

இரண்டு கதவு வண்டியில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, முன்னே தள்ளி, அந்த இடைவெளியில் ஏற வேண்டும். தாரின் தரை இடைவெளி 226 மி.மீ. காட்டுப் பாதைக்கு நல்லது, முழங்காலுக்கு அல்ல. மகள் இரண்டு நொடியில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். "பெரியப்பா, இது குகை மாதிரி இருக்கு" என்று அங்கிருந்தே கத்தினாள். சித்தி ஒரு கையால் தம்பி தோளையும் இன்னொரு கையால் கைப்பிடியையும் பிடித்து எப்படியோ ஏறிவிட்டாள். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "ஏறிட்டேன்டா. இறங்கறது எப்படி?" என்று கேட்டாள்.

இறக்கிவிட்ட பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "நான் முன்னாடி உக்காந்துக்கறேன். அவளும் பாப்பாவும் பின்னாடி இருக்கட்டும். அவன் ஆசைப்பட்டதையே வாங்கட்டும்." நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. முன் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தோம். உயரமான இருக்கை, எல்லாம் தெரிகிறது, சித்திக்கும் பிடித்துவிட்டது. மறுபடி பின்னால் இருந்த மகள் இறங்க வேண்டும் என்றாள். அதற்குச் சித்தி முதலில் இறங்க வேண்டும். அப்புறம் சீட்டை மடக்க வேண்டும். மகள் இறங்கிய பின் சித்தி மறுபடி ஏற வேண்டும். ஸ்கூல் வாசலில் தினமும் இது நடக்கும் காட்சி எனக்கு அப்போதே தெரிந்தது. இரண்டு கதவு வண்டியில், பின்னால் இருப்பவரின் இறக்கம் முன்னால் இருப்பவரின் இறக்கமும் கூட. எங்கள் பட்டியலில் இதற்கு ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வந்து பின் சீட் மதிப்பெண்ணை 3லிருந்து 4 ஆக்கினோம், சித்தி முன்னால் உட்காரலாம் என்பதற்காக. 5.85 வந்தது. அதற்கு மேல் ஏற்ற அவனுக்கே மனம் வரவில்லை.

என்னைக் கேட்டால், கல்யாணம் ஆகாதவர், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட தம்பதி, வீட்டில் ஏற்கனவே ஒரு கார் உள்ளவர்கள் என்றால் தாராளமாக இரண்டு கதவு வாங்கலாம் என்பேன். சிறியது, உறுதியானது, நெரிசலில் திருப்புவது எளிது, பார்க்கவும் அழகு. 46 பயணங்களில் 27 தம்பிக்கும் அது பொருத்தமான வண்டிதான். எங்கள் வீட்டு நிலவரம் மீதி 19ல் இருந்தது, அவ்வளவே.

அடுத்த வாரம் நான்கு கதவு வண்டிக்கு முன்பணம் கட்டினான். அதற்கு மாதத் தவணை சுமார் 3,000 ரூபாய் குறைவு. நான் எதுவும் சொல்லாமலே ஷீட்3 என்ற டேபில் அவன் ஒரு பார்முலா போட்டு வைத்திருந்ததைப் பிறகு பார்த்தேன். =எஃப்வி(6.5%/12,60,-3000). மாதம் மூவாயிரத்தைச் சேர்த்து வைத்தால் ஐந்து ஆண்டில் எவ்வளவு ஆகும் என்று சொல்லும் பார்முலா அது. விடை 2,12,000 சொச்சம். வட்டி சேர்க்கும் முறையைப் பொறுத்துச் சற்று மாறும். அந்த டேபின் மேல் ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்து அவன் வைத்திருந்த பெயர்: ரெண்டு கதவு.